கதவு எண் பன்னிரண்டில் நாங்கள் இல்லை

அப்பா டைல்ஸ் ஒட்டுபவர். ஊரான் வீட்டுத் தரையெல்லாம் அவர் கைபட்டால் முகம் பார்க்கலாம். எங்களுக்கென்று தரை கிடையாது. கட்டி முடியாத கட்டடத்திலேயே ஓர் அறையில் குடித்தனம். வேலை முடிந்தால் மூட்டை கட்ட வேண்டும்.

போன மழைக்காலத்தில் அப்பாவின் அடிவயிற்றில் ஒரு வீக்கம் வந்து உட்கார்ந்தது. டாக்டர் அதை ஹெர்னியா என்றார். நான் 'வாடகைக்காரர்' என்றேன். எங்கள் குடும்பத்தில் நிலையான முகவரி உள்ளவர் அவர் ஒருவர்தான். அப்பா சிரித்தார், சிரித்ததும் வலித்தது. ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். டைல்ஸ் பெட்டி தூக்கித் தூக்கிக் குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்தாம்.

சொந்த ஊரில் வாங்கிய காப்பீட்டு அட்டை இந்த ஊர் ஆஸ்பத்திரியில் செல்லவில்லை. "இங்க பதிஞ்சு புது அட்டை வாங்கிட்டு வாங்க" என்றார் கவுன்ட்டரில் இருந்த அக்கா. பதியப் போன இடத்தில் முகவரி கேட்டார்கள். அங்கேதான் அப்பா கோட்டை விட்டார். நெஞ்சை நிமிர்த்தி, "மூணாவது மாடி, கதவு எண் பன்னிரண்டு" என்றார். அப்போது நாங்கள் படுத்திருந்த அறை அதில்தான். கதவில் எண் இருக்கிற வீட்டில் நாங்கள் இருந்தது அதுதான் முதல் தடவை.

சரிபார்க்க ஆள் வந்தபோது வேலை முடிந்து நாங்கள் அடுத்த தெருக் கட்டடத்துக்குப் போயிருந்தோம். பன்னிரண்டில் உரிமையாளர் குடிவந்திருந்தார். விண்ணப்பம் தள்ளுபடி. அவரிடமே போய்க் கேட்டோம்.

"என் வீட்ல நீங்க இருந்தீங்களா? யாரு காதுல பூ சுத்தறீங்க?"

"இருந்தோம் சார். சமையலறைத் தரைகூட நான் போட்டதுதான்."

"தரை போட்டா வீடு உங்களோடதா? நாளைக்குப் பத்திரம் கேப்பீங்க!"

நான் சும்மா இருப்பேனா? "அடுப்புக்கு நேர் கீழ ஒரு டைல்ஸ பேத்துப் பாருங்க சார். ஈரச் சிமெண்ட்ல எங்கப்பா மீசைய வரைஞ்சு வச்சிருக்கேன்."

அப்பா நறுக்கென்று என் தலையில் குட்டினார். "ஒட்டினதப் பேக்கச் சொல்றியேடி! அந்தக் கலர் இப்ப கிடைக்குமா?"

உரிமையாளர் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுபடி எழுதிக் கொடுத்தோம், இந்தக் கட்டடத்தின் முகவரியோடு. ஆள் வருவார் என்றார்கள். எப்போது என்று கேட்டதற்கு, வரும்போது வருவார் என்றார்கள். இங்கே ஒரே ஓர் அறைத் தரைதான் பாக்கி. அது முடிந்தால் மறுபடி மூட்டை.

"ஆள் வர்ற வரைக்கும் ஆமை மாதிரி போடுப்பா."

"மேஸ்திரி விடுவாரா? எனக்கும் கை வராதுடி."

அதனால் இன்று காலை, தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் ரசமட்டத்தை மணல் குவியலுக்குள் புதைத்து வைத்தேன். அப்பா மூட்டையெல்லாம் உதறித் தேடினார்.

"எங்கடி அது?"

"பேய் தூக்கிட்டுப் போயிருக்கும்."

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். வீக்கத்துக்காகக் கட்டியிருந்த பெல்ட்டை இறுக்கிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சுவரிலிருந்து சுவருக்கு ஒரு நூலைக் கட்டினார், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார், ஒட்ட ஆரம்பித்துவிட்டார். மதியத்துக்குள் பாதி அறை முடிந்துவிட்டது.

ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்துப் பார்த்தேன். வைத்த இடத்தில் அப்படியே நின்றது, சனியன். உருண்டால்தான் என்ன?