பதினாறு டெராபைட் நம்பிக்கை

கடமலைக்குண்டு கர்ணன் ஸ்டுடியோவில் படம் எடுப்பவன் கர்ணன். எடுத்ததை வெட்டி ஒட்டிக் கல்யாணப் படமாக்குபவள் அவன் மனைவி ராஜாத்தி. போர்டில் அவன் பெயர் மட்டும்தான். அதிலும் எண்கணிதக்காரர் சொல்லி ஓர் எழுத்து கூடுதல்.

பழைய ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்து முனக ஆரம்பித்ததும் இருவரும் தேனியில் செல்வின் கடைக்குப் போனார்கள். எதை வாங்குவது என்று ராஜாத்தி ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். பேர் தெரிந்த கம்பெனியின் எஸ்.எஸ்.டி., ஒரு டெராபைட், விழுந்தாலும் தாங்கும், மூன்று வருட வாரண்டி, கட்டுப்படியாகும் விலை. அதன் பக்கத்திலேயே பதினாறு டெராபைட் ஒன்று பாதி விலையில் பளபளத்தது.

கர்ணன் இரண்டு டப்பாவிலும் இருந்த எண்களைக் கூட்டினான்.

"நீ சொல்றது எட்டு. சனி. இது அஞ்சு, நம்ம ராசி எண்ணு." கையில் தூக்கிப் பார்த்தான். "கனத்தைப் பாரு, உள்ள சரக்கு இருக்கு."

"இதுக்கு வாரண்டி எம்புட்டு தம்பி?"

"நம்பிக்கைதான்க்கா வாரண்டி," என்றான் செல்வின், சிரிக்காமல்.

அந்த நம்பிக்கையில் ஏறிய முதல் படம் அனுசுயா, மதன்குமார் கல்யாணம். சாதி விட்டுச் சாதி. வரமாட்டேன் என்றிருந்த பெண்ணின் அப்பா பேச்சிமுத்து, தாலி கட்டும் நேரத்தில் மண்டப வாசலில் நின்று அட்சதை போட்டார், கண்ணைத் துடைத்தார், நழுவினார். மறுநாள் சொந்த சாதிக் கூட்டத்தில், "நான் அங்கன எட்டியும் பாக்கல" என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். சூடம் மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.

அனுசுயா போனில் அழுதாள். "அப்பா வந்தாகன்னு சொன்னா ஒருத்தரும் நம்பலக்கா. அந்தக் காட்சி மட்டும் போதும்."

ராஜாத்தி டிரைவைத் திறந்தாள். கோப்புகளின் பெயர்கள் வரிசையாக நின்றன, ஒன்றுகூட ஓடவில்லை. கர்ணன் திருப்புளியால் மூடியைக் கழற்றினான். உள்ளே நகத்தளவு மெமரி கார்டு ஒன்று. அதன் அருகில், பசை போட்டு ஒட்டிய இரும்புத் துண்டு.

"சாமி குத்தம்," என்றான் கர்ணன், வெளிறிப்போய்.

"சாமி எங்க வந்துச்சு இதுல? இரும்புல்ல இருக்கு!"

அவள் மேசை டிராயரிலிருந்து கேமரா கார்டை எடுத்தாள்.

"ஏய், இதை அழிக்கச் சொன்னேன்ல?"

"சொன்னீக. நான் கேக்கல. கேமராவுல வேற கார்டு போட்டேன்."

கார்டில் பேச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கர்ணன் அதற்குள் அனுசுயாவைக் கூப்பிட்டு, "குலசாமி காப்பாத்திருச்சும்மா!" என்று முழங்கிக்கொண்டிருந்தான்.

ராஜாத்தி பஸ் ஏறினாள். செல்வின் மேசையில் இரும்புத் துண்டை வைத்தாள். "உங்க நம்பிக்கை, தம்பி. திருப்பிக் குடுக்க வந்தேன்." கடை நிறைய ஆட்கள். செல்வின் விலையில் மீதியை மட்டும் வாங்கிக்கொண்டு, ஒரு டெராபைட்டை எடுத்துக் கொடுத்தான்.

அனுசுயா கேட்ட அந்தக் காட்சியை ராஜாத்தி மெதுவாக ஓடவிட்டு, கீழே பெரிய எழுத்தில் போட்டாள்: மணமகளின் தந்தை பேச்சிமுத்து.

சனி பிடித்த எட்டாம் எண் டிரைவில் ஒரு பிரதி, கார்டில் ஒரு பிரதி. இனி அவர் எத்தனை சூடம் அணைத்தாலும் அழியாது.