டிரெய்லர் வளையமும் டேபிள் ஃபேனும்

இந்த வருஷம் ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். தேரைப் பார்க்கவில்லை.

தேர் அன்றைக்கு அந்த ஊருக்குப் போய்விட்டு, தேரைப் பார்க்காமல் திரும்பி வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நான் தேடிப் போனது ஒரு டிராக்டர் டிரெய்லரை. கையில் அர்ச்சனைத் தட்டு இல்லை. மஞ்சள் பையில் ஒரு சுத்தியலும், கனமான இரும்புச் சங்கிலியும்தான் இருந்தன.

ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். பட்டாளத்தில் ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்து, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். பேச்சு கம்மி. பிடிவாதம் ஜாஸ்தி. சித்திரையில் ஒரு புது மெஷின் வாங்கிப் போட்டார். கேஸ் சிலிண்டரோடு வருகிற மிக் வெல்டிங் மெஷின். கம்பெனி ஆள் ஒரு பகல் முழுக்க ஓட்டிக் காட்டினார், சாயங்காலம் மதுரை பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் பாடு, மெஷின் பாடு.

பழைய வெல்டிங்கில் குச்சி மாதிரி ஒரு ராடைப் பிடித்துக்கொண்டு பற்ற வைப்பார்கள். ராடு கரையக் கரைய கை கீழே இறங்க வேண்டும். இதில் அப்படி இல்லை. துப்பாக்கி போன்ற ஒன்றைப் பிடித்து விசையை அமுக்கினால் மெல்லிய கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும். கூடவே கேஸும் வந்து, உருகும் இரும்பின் மேல் காற்றுப் படாமல் மூடிக்கொள்ளும். கை ஒரே உயரத்தில் நின்று நகர வேண்டும். அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' அவருக்கு வரவில்லை. வருஷக்கணக்காக ராடு பிடித்த கை, தன்னை அறியாமல் இறங்கிக்கொண்டே போகும். துப்பாக்கியின் மூக்கு இரும்பில் போய் முட்டும். கம்பி சிக்கிக்கொள்ளும். முடித்த பிறகு பழக்க தோஷத்தில் சுத்தியலை எடுத்துக் கசடு தட்டுவார். இந்த வெல்டில் தட்டுகிற அளவுக்குக் கசடே கிடையாது. சும்மா தட்டிவிட்டு மெஷினை முறைப்பார்.

"நான் ஒரு தடவ பிடிச்சுப் பாக்கட்டுமா?" என்றேன். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"பிடி" என்று முகமூடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் இல்லை. தையல் மெஷின் ஓட்டிய கை. மிதிக்கிற வேகத்துக்குத் துணியைத் தள்ளத் தெரியும். இங்கே கம்பி வருகிற வேகத்துக்குக் கையை நகர்த்த வேண்டும். முதல் வாரம் இரும்பில் ஓட்டை விழுந்தது, என் முந்தானையில் ஓட்டை விழுந்தது. அடுத்த வாரத்திலிருந்து பழைய சட்டையை மேலே போட்டுக்கொண்டேன். மெல்ல மெல்ல சத்தம் பிடிபட்டது. எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி விடாமல் சடசடவென்று கேட்டால் சரி. விட்டு விட்டு 'பட்… பட்' என்றால் ஏதோ தப்பு.

ஒன்றில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. பழகுவதற்கு இரண்டு துண்டு இரும்பை ஒட்டினால், உடனே அதை இறுக்கிப் பிடிக்கிற வைஸில் மாட்டிச் சம்மட்டியால் அடித்து உடைக்க வேண்டும். "மேலாப்புல பாத்து மயங்காத. உடைச்சுப் பாரு" என்பார். அடிக்கிற அடியில் இரும்பு வளையலாம், ஒட்டு பிரியக் கூடாது. நான் ஒட்டியது பிரியவில்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை.

அப்புறம் ஆடி வந்தது. எங்கள் ஊர் ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மலையிலிருந்து இறங்கி வந்து கொடியில் கிடக்கும் துணியை அடுத்த தெருவில் போடும். அந்தக் காற்று பட்டறைக்குள் நுழைந்தால் கேஸைக் கலைத்துவிடும், வெல்டு கெட்டுப்போகும் என்று கம்பெனி ஆள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதனால் மேற்குப் பக்கம் முழுக்கத் தார்ப்பாய் கட்டினோம். காற்று நின்றது. உள்ளே இட்லிச் சட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி வெந்தது.

தேருக்கு முந்தின நாள் மத்தியானம் வேலுச்சாமி அண்ணாச்சி வந்தார். வ. புதுப்பட்டி விவசாயி, வீட்டுக்காரருக்குப் பழைய பழக்கம். டிராக்டரையும் டிரெய்லரையும் கோத்துப் பிடிக்கிற வளையம், அடியில் விரிசல் விட்டிருந்தது.

"அவிய எங்க?" என்றார்.

"மில்லுக்கு வேலையா போயிருக்காக. பொழுது சாஞ்சுதான் வருவாக."

"நாளைக்கு ஊர்ச் சனம் பூராம் இதுலதான் தேருக்குப் போவணும் தங்கச்சி. இப்பத்தான் பாத்தேன்."

"நான் வச்சுத் தாரேன் அண்ணாச்சி."

அவர் என்னைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார். "சரி…" என்று இழுத்தார். அந்த 'சரி' எவ்வளவு நீளம் என்று நான் அப்போது கவனிக்கவில்லை.

விரிசலைத் தேய்த்துச் சுத்தம் பண்ணினேன். முகமூடிக்குள் வேர்வை கண்ணில் இறங்கியது. பக்கத்து வீட்டு ராமுத்தாய் அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுத் தெலுங்கில் "பாப்பம்" என்று பரிதாபப்பட்டுவிட்டு உள்ளே போனவர், தன் டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் ஸ்விட்சிலேயே மாட்டி, என் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

"இப்பம் செய்யி. எம்புட்டு வேக்காடு."

ஆஹா, என்ன சுகம். பழைய வெல்டிங் நடக்கிற பட்டறையில் ஃபேன் ஓடாத இடம் உண்டா? யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. அப்பளச் சத்தத்தோடு வெல்டு ஓடியது. கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தால் தையல் போட்ட மாதிரி வரி வரியாக அழகு. அண்ணாச்சியும் குனிந்து பார்த்துவிட்டு "ஜோரா இருக்கு" என்றார். வண்டி கிளம்பியது. அதே ஃபேன் காற்றில் இன்னும் இரண்டு துண்டை ஒட்டி வைத்தேன். காலையில் வீட்டுக்காரர் முன்னால் உடைத்துக் காட்டிப் பெருமை அடிக்கத்தான்.

காலையில் அவர்தான் அதை வைஸில் மாட்டினார். ஒரே அடி. பிஸ்கட் மாதிரி உடைந்து கீழே விழுந்தது.

எடுத்துப் பார்த்தோம். மேலே வழவழவென்று இருந்தது. உள்ளே ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"காத்து எங்க இருந்து வந்துச்சு?" என்றார்.

தார்ப்பாயைப் பார்த்தேன். ஒரு கிழிசல் இல்லை. அப்புறம் அந்த ஃபேனைப் பார்த்தேன். அக்கா இன்னும் எடுத்துப் போகவில்லை. வெளியே இருந்து வருகிற காற்றுக்குத் தார்ப்பாய் கட்டிவிட்டு, உள்ளே காற்றுக்கு ஸ்விட்ச் போட்டிருக்கிறோம்.

"இதுக்கு முந்தி எத வச்ச?" என்றார்.

என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. சங்கிலியையும் சுத்தியலையும் எடுத்துப் பையில் போட்டார், ஸ்கூட்டரை உதைத்தார்.

டிராக்டர் ஓட்டுகிற அண்ணாச்சிக்குப் போன் மணி கேட்காது, வ. புதுப்பட்டியில் வேறு யாருக்குப் போடுவது? போட்டாலும் யார் எடுப்பார்கள்? ஊரே வண்டியில் ஏறியிருக்கும். ரோடு நெடுகப் பெண்கள் பூ வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வளையம்தான். வத்திராயிருப்பு ரோட்டில் ஒரு கண்மாய்க் கரை ஏற்றம் வரும். அந்த ஏற்றத்தில் மொத்தப் பாரத்தையும் வளையம் ஒன்றுதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். விட்டால், ஆட்களோடு டிரெய்லர் பின்னாலேயே உருண்டு கண்மாய்க்குள் போகும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழையும்போது, மடவார் வளாகத்துக்கு இந்தப் பக்கமே வண்டிகளை மறித்துவிட்டார்கள். போலீஸ்காரர் என் பையைத் திறக்கச் சொன்னார். சுத்தியல். திருவிழாக் கூட்டத்துக்குச் சுத்தியலோடு வந்தால் அவர்தான் என்ன நினைப்பார்?

"ஆக்ஸிடென்ட் சார், அவசரமாப் போவணும்" என்றார் இவர்.

"எங்க நடந்துச்சு?"

"இன்னும் நடக்கல சார்."

போலீஸ்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அழுகிற நிலையில் இருந்தேன். என்ன நினைத்தாரோ, ஒரு சந்துப் பக்கம் கையைக் காட்டி "இப்படிப் போங்க" என்றார்.

அன்றைக்கு வத்திராயிருப்பு ரோட்டில் எதிரே வந்ததெல்லாம் டிராக்டர். ஒவ்வொன்றாக எட்டி எட்டிப் பார்த்தேன். ஊதா டிரெய்லர், அதுதான் அடையாளம். பச்சை வந்தது, சிவப்பு வந்தது. கரை ஏற்றத்தின் உச்சிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கீழே ஊதா டிரெய்லர் ஏறத் தொடங்கியிருந்தது. நிறையப் பெண்கள். பின்பலகையில் பிள்ளைகள் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் கையைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தேன். இவர் என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"ஏட்டி, ஏத்தத்துல நிப்பாட்டக் கூடாது. நின்னு எடுத்தா வெட்டி இழுக்கும். மேல வரட்டும்."

"அதுக்குள்ள விட்டுப் போச்சுன்னா?"

அவர் என் கையை விடவில்லை. அந்த டிராக்டர் ஏறியது பாருங்கள்… என் ஆயுசில் அவ்வளவு மெதுவாக எதுவும் நகர்ந்து பார்த்ததில்லை. சைலன்சர் இருமியது. ஒரு பிள்ளை காலை ஆட்டிக்கொண்டே இருந்தது.

மேலே வந்தது. மறித்தோம். வேலுச்சாமி அண்ணாச்சி இறங்கினார். "என்ன தங்கச்சி, இங்குன?"

மண்ணில் முட்டி போட்டு வளையத்தைப் பார்த்தேன்.

என் வெல்டைக் காணவில்லை.

வளையத்தின் இரண்டு பக்கமும் தடித்த இரும்புப் பட்டை போட்டு, புளியங்கொட்டை தடிமனுக்குப் பழைய ராடு வெல்டு வைத்திருந்தது. என் அழகான தையல், தேய்த்து எடுத்த இடமாக மினுங்கியது.

"இது யாரு வச்சது?"

அண்ணாச்சி துண்டை எடுத்துத் தோளை மாற்றிப் போட்டார். "தப்பா நெனைக்காதீக. பாக்க ஜோராத்தான் இருந்துச்சு. இருந்தாலும்… பொம்பளப் பிள்ள வச்சதாச்சேன்னு மனசு கேக்கல. நேத்துப் போற வழியில ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பட்டறயில செத்த நேரம் நிப்பாட்டி, அதத் தேச்சு எடுத்துட்டு வேற வச்சுட்டேன்."

இவர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கிண்ணென்றது. இருந்தாலும் சங்கிலியைப் போட்டுக் கட்டினார். டிரெய்லரிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏட்டி, யாரு இவ? தேரு நெலைக்கு வந்த பொறவா நாம போய்ச் சேரணும்?"

போனார்கள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். எல்லாரும் பிழைத்த சந்தோஷம் ஒரு பக்கம். பொம்பளை என்று தேய்த்து எறிந்த ஆத்திரம் ஒரு பக்கம். யோசித்துப் பாருங்கள்… என் மேல் பிரியம் வைத்தவர் ஃபேன் போட்டார். என்னை நம்பாதவர் பட்டை போட்டார். பிள்ளைகள் பிழைத்தது நம்பாதவரால். நன்றி சொல்வதா, சண்டை போடுவதா? இரண்டையும் செய்ய முடியாமல் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

முந்தாநாள் வேலுச்சாமி அண்ணாச்சி மறுபடி வந்தார். கலப்பையில் ஒரு கொழு ஒட்டு விட்டிருந்தது. என் வீட்டுக்காரர் முகமூடியை எடுக்கப் போனார்.

"தங்கச்சியே வைக்கட்டும்" என்றார் அண்ணாச்சி.

எனக்குச் சுருக்கென்றது. "ஏன் அண்ணாச்சி, போற வழியில அந்தப் பட்டற பூட்டிக் கெடக்கா?"

"தொறந்துதான் இருக்கு." அவர் கீழே பார்த்துக்கொண்டே சொன்னார். "வேல முடிஞ்சு அனுப்பிட்டா அம்புட்டுத்தான்னு இருப்பாக எல்லாரும். வச்சது சரியில்லன்னு ரோட்ட மறிச்சு வந்து சொன்னது நீங்க ஒருத்திதான்."

முதலில் இரண்டு துண்டை ஒட்டி, அவர் கண் முன்னாலேயே அடித்துக் காட்டினேன். இரும்பு வளைந்தது, ஒட்டு பிரியவில்லை. கலப்பையைத் தூக்கி வைத்தேன். தார்ப்பாய் கட்டியிருக்கிறது. வேர்வை கண்ணில் இறங்குகிறது. முகமூடியை இறக்கப் போகும்போது வாசலில் நிழல். ராமுத்தாய் அக்கா, கையில் டேபிள் ஃபேன்.

"வேண்டாங்க்கா. வேர்த்தா வேர்க்கட்டும்."