பட்டை இடிக்கும் சத்தமும் ஒரு பகல் தூக்கமும்

நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

1. இரண்டு மாதத்துக்கு முன் என் கணவருக்கு ஜோலார்பேட்டை சிக்னல் கேபினில் இரவு டியூட்டி போட்டார்கள்.

2. காலை ரயிலில் வாணியம்பாடிக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, எட்டு மணிக்குப் படுப்பார். பன்னிரண்டு மணிக்கு எழுந்துவிடுவார்.

3. நாலு மணி நேரத் தூக்கம் போதாது என்று முடிவு செய்யப்பட்டது. முடிவு செய்தது அவரல்ல. நான்.

4. எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஒரு தோல் ஷாப் — தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். சுவருக்கு அந்தப் பக்கம் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிறார்கள். மூன்று கல் உரல், ஆறு பெண்கள், ஆறு உலக்கை. அந்தச் சத்தம்தான் அவரை எழுப்புகிறது என்று கண்டுபிடித்தேன்.

5. ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரிடம், அதை நிறுத்தித் தர முடியுமா என்று கேட்டேன்.

6. இரண்டே நாளில் நிறுத்தித் தந்தார்.

7. அன்றிலிருந்து என் கணவர் தூங்கவில்லை.

ஏழாவதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நான் பல முறை எழுதிப் பார்த்துவிட்டேன். சரியாகத்தான் இருக்கிறது.

பத்திரிகையில் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சில வாரங்களுக்கு முன் இங்கேதான் தூக்கத்தைப் பற்றி ஒரு பாடமே நடத்தினேன். நல்ல தூக்கத்துக்கு வேண்டியவை மூன்று — இருட்டு, குளிர்ச்சி, நிசப்தம் என்று. இருட்டும் குளிர்ச்சியும் இருக்கட்டும். மூன்றாவதை அடித்துவிடுங்கள். பென்சிலால் அல்ல, மையால்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நான் உயிர்நூல் படித்துப் பட்டம் வாங்கியவள். இந்த ஊர் ஷாப்கள் சில சேர்ந்து நடத்தும் சின்னப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தோல் ஊறும் தண்ணீரை மைக்ராஸ்கோப்பில் வைத்து, அதில் என்னென்ன கிருமிகள் இருக்கின்றன என்று பார்த்துச் சொல்வேன். ஷாப்பில் எனக்குப் பெயர் பூச்சியம்மா. மத்தியானம் ஒரு மணிக்குத்தான் கூடம் திறக்கும். ஆகவே காலை நேரம் முழுவதும் வீட்டில் இருந்து, என் கணவர் எத்தனை மணிக்குப் படுக்கிறார், எத்தனை மணிக்கு எழுகிறார் என்று நோட்டில் எழுத எனக்கு வசதி இருந்தது. வசதி இருந்தால் மனிதர்கள் என்னதான் செய்ய மாட்டார்கள்?

"உன் பூச்சிங்கள மாதிரி என்னையும் கண்ணாடிக்கு அடியில வெச்சிட்டியா?" என்று கேட்பார். கோபமில்லை, சிரிப்புதான்.

வேட்பாளர் வந்தது ஒரு திங்கட்கிழமை. வேலூரில் வக்கீல். படிப்போ சொத்தோ இருந்தால்தான் ஓட்டு; எங்கள் தெருவில் ஓட்டுள்ள பெண் நான் ஒருத்திதான் என்பதால், காபி கூட வேண்டாமென்று நின்றபடியே அரை மணி நேரம் பேசினார். பள்ளிக்கூடம், சாக்கடை, குடிநீர்க் குழாய் எல்லாம் வரப்போகிறது. தங்கச்சிக்கு ஏதாவது குறை உண்டா என்று கடைசியில் கேட்டார். சொன்னேன்.

"இது ஒரு விஷயமாம்மா? ஷாப் முதலாளி நம்ம தோஸ்த்."

புதன்கிழமை காலை சுவருக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. தேர்தலுக்கு முன்பே நிறைவேறிய ஒரு வாக்குறுதியை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். எனக்கு ஜனநாயகத்தின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

என் கணவர் எட்டு மணிக்குப் படுத்தார். ஒன்பதுக்கு எழுந்து உட்கார்ந்தார்.

மறுநாள் ஒன்பதே கால். அதற்கு மறுநாள் படுத்தவர் கண்ணையே மூடவில்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினேன். வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிட்டேன். என் மாமியார் காக்காய்களைக் கையில் குச்சியோடு துரத்தினார். பால்காரர் குரல் கொடுக்காமல் வாசலில் நின்று கையைக் காட்டிவிட்டுப் போனார். நாங்கள் வீட்டுக்குள் கால் கட்டைவிரலில் நடந்தோம். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நடுவில் அவர் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

இதில் சிரிக்க இடமுண்டு. ஆனால் கேபின் வேலை என்ன வேலை என்று தெரிந்தால் சிரிப்பு குறைந்துவிடும். பக்கத்து ஸ்டேஷனிலிருந்து மணி அடிக்கும். இவர் பதில் மணி கொடுக்க வேண்டும். சரியான லீவரை இழுக்க வேண்டும். அப்போதுதான் வண்டி வரும். இரவு மெயிலில் அத்தனை பேரும் அவரவர் பெட்டியில் நிம்மதியாகத் தூங்குகிறார்களே, அது யாரை நம்பி? பகலில் தூங்கி எழுந்து வந்த ஒருவரை நம்பி.

நிசப்தம் தொடங்கிப் பத்தாம் நாள், மணி இரண்டாம் தடவை அடித்த பிறகுதான் இவர் பதில் கொடுத்திருக்கிறார். ஒரு வண்டி சிக்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றது. வேறு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் சிவப்பு மையில் குறிப்பு எழுதிவிட்டார். இரண்டாவது குறிப்பு விழுந்தால் கேபினிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

அதையும் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்கடுத்த நாள் சொன்னதைச் சிரிக்காமல் சொன்னார்.

"நேத்து லீவர் மேல கைய வெச்சிருந்தேன். எதுக்கு வெச்சேன்னு ஞாபகம் வரல."

என்னிடம் பதினாலு பக்கக் குறிப்புகள் இருந்தன. ஒரு பதிலும் இல்லை.

அன்று மத்தியானம் ஊறல் தண்ணீர் எடுக்க அதே ஷாப்புக்குள் போனேன். பட்டை இடிக்கும் பெண்கள் எங்கே போனார்கள் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவர்களை முற்றத்தின் அந்தக் கோடிக்கு, சுண்ணாம்புக் குழிகளுக்குப் பக்கத்தில் தள்ளியிருந்தார்கள். எங்கள் சுவரோரம் ஒரு புங்க மரம் உண்டு. முன்பு அதன் நிழலில்தான் இடித்தார்கள். கிளையில்தான் பிள்ளைகளுக்குத் தூளி. இங்கே மரமில்லை. கொட்டகைத் தூணில் கட்டியிருந்த தூளிகள் மேல் வெயில் அடித்தது. ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

அதன் அம்மா முனியம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் உலக்கையை நிறுத்தினாள்.

"இன்னாம்மா, எங்க சத்தம் ஒழிஞ்சிச்சா? ஐயா நல்லா தூங்குறாரா?"

குத்தல்தான். எனக்கு அது வேண்டியதுதான். தூங்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

"எப்பலேர்ந்து?"

"நீங்க இந்தப் பக்கம் வந்ததுலேர்ந்து."

அவள் சிரித்திருக்கலாம். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் முகத்தின் வியர்வையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு கேட்டாள்:

"முன்ன எத்தினி மணிக்கு எழுந்துக்குவாரு?"

"பன்னெண்டு."

"பன்னெண்டுக்குதான் நாங்க சோத்துக்கு உலக்கைய சாத்துவோம். எம்புள்ளயும் அப்பதான் முழிச்சிக்கும். சத்தத்துல தூங்குறவங்கள சத்தம் எழுப்பாதும்மா. அது நின்னாதான் எழுப்பும்." உலக்கையை மறுபடி எடுத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை தூங்குவாரா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு விடுமுறை. முதலாளியும் பாதி வேலைக்காரர்களும் தொழுகைக்குப் போய்விடுவார்கள். அன்று பட்டை இடிப்பதில்லை.

வீட்டுக்குப் போய் நோட்டைப் பிரித்தேன். உலக்கைகள் சுவரோரம் இருந்த நாட்களிலும், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதில்லை. அந்த வரிகளுக்குப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே அழகாக எழுதியிருந்தது — "விடுமுறை நாள். கணக்கில் சேர்க்க வேண்டாம்."

பன்னிரண்டு மணி என்பதும் அப்படித்தான். பன்னிரண்டு ஐந்து, பன்னிரண்டு பத்து, பன்னிரண்டு ஐந்து என்று வரிசையாக எழுதியிருந்தேன். அவர் எழும் நேரத்துக்குப் பக்கத்தில் உலக்கை நிற்கும் நேரத்துக்கு ஒரு பத்தி போட எனக்குத் தோன்றவில்லை. சத்தம் இருக்கிறது, ஆகவே சத்தம்தான் குற்றவாளி!

யோசித்துப் பாருங்கள். கண்ணுக்கு இமை உண்டு. காதுக்கு இமை கிடையாது. உடம்பு முழுவதும் படுத்துவிட்டாலும் காது மட்டும் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே மாதிரி கேட்டுக்கொண்டிருந்தால் 'எல்லாம் அப்படியே இருக்கிறது, நீ தூங்கு' என்று உள்ளே சொல்லி அனுப்புகிறது போலும். மாறினால்தான் எழுப்புகிறது. நிசப்தமும் ஒரு மாற்றம்தான் அல்லவா? அதிலும் நிசப்தமான வீட்டில் ஒரு கரண்டி விழுந்தால் அது இடி. நான் தினமும் பார்க்கும் கிருமிகளுக்குத் தூக்கம் என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. கண் காது உள்ள நமக்குத்தான் இந்த அவஸ்தையெல்லாம். இதைப் புத்தகம் படித்தவள் விளக்கமாகச் சொல்லலாம். கண்டுபிடித்தது யார்? தூளியையும் உலக்கையையும் ஒரே நேரத்தில் கவனித்தவள்.

செய்ததைத் திருப்ப வேண்டும். வேட்பாளருக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. விசாரித்ததில், 'ஒரு படித்த பெண்மணியின் வேண்டுகோளுக்கு இணங்கி ஒரு தெருவுக்கே அமைதி வாங்கித் தந்தேன்' என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசிக்கொண்டிருக்கிறாராம். அவருக்கு அது சாதனை. சாதனையைத் தேர்தலுக்கு நடுவில் யார் வாபஸ் வாங்குவார்கள்?

முனியம்மா யாருக்கும் கடிதம் எழுதவில்லை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆறு பெண்களும் உரல்களை உருட்டி, கூடைகளைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்துவிட்டார்கள். தூளிகள் புங்க மரத்தில் ஏறின. உலக்கையைத் தூக்குவதற்குள் மேஸ்திரி ஓடிவந்தார். அவர் கெட்டவர் அல்ல. முதலாளியின் உத்தரவு, மீறினால் ஆறு பேருக்கும் வேலை போய்விடும் என்று அவர் சொன்னது நியாயமான பயம்தான்.

முனியம்மா எங்கள் சுவரைக் காட்டினாள். "புகார் குடுத்தவங்க அங்க இருக்காங்க. அவங்களக் கேளு."

பின்வாசலில்தான் நின்றிருந்தேன். ஷாப் முழுவதும் என்னைப் பார்த்தது. தோலைச் சீவிக்கொண்டிருந்த ஆட்கள் கூடக் கத்தியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். கிருமி இருக்கிறது என்று நான் சொன்னால் ஒரு குழித் தண்ணீரையே கொட்டிவிடும் இடம் அது. அங்கே நின்று சொல்ல வேண்டியிருந்தது.

"தப்பு என்னுது. நான் பார்த்தது தப்பு. அவங்க இங்கயே இடிக்கட்டும். முதலாளிகிட்ட நானே எழுதித் தர்றேன்."

மேஸ்திரி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "எழுத்துல குடுங்கம்மா," என்றார். அங்கேயே, சுவர் மேல் நோட்டை வைத்து எழுதிக் கொடுத்தேன். பிழை திருத்தம் என்று தலைப்பும் போட்டேன். பழக்கம்.

ஆறு உலக்கைகளும் விழத் தொடங்கின. உள்ளே வந்து பார்த்தேன். என் மாமியார் வாயில் விரலை வைத்துக் காட்டினார். என் கணவர் தூங்கிவிட்டார்.

பன்னிரண்டு மணி ஆனதும் பின்வாசலுக்குப் போய் நின்றேன். உலக்கை நிற்கப் போகிறது, எழுந்துவிடுவார். நிற்கவில்லை. எட்டிப் பார்த்தேன். மூன்று பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் இடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு இடம் மாற்றிக்கொண்டார்கள்.

அவர்களை யாரும் கேட்கவில்லை. பதினைந்து நாள் அவர்களை வெயிலில் நிறுத்தியவள் எந்த முகத்தோடு கேட்பாள்? மாலையில் முனியம்மாவிடம் நன்றி சொல்லப் போனேன். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"உங்க வூட்டுக்காரருக்காக ஒண்ணும் இல்லம்மா. புள்ளைங்க முழிச்சிக்கினா எங்களுக்குதான் பேஜாரு." உலக்கையைச் சுவரில் சாத்தினாள். "தூளியில மூணு கெடக்குது. சுவத்துக்கு அந்தாண்ட ஒண்ணு. நாலயும் சேத்துத் தூங்க வெச்சிட்டோம், போங்க."

இதை என் கணவரிடம் சொன்னேன். தூளியில் தன்னையும் சேர்த்ததில் அவருக்கு ரொம்பப் பெருமை.

இப்போது நிலவரம் இது. ஷாப் நடக்கிற நாட்களில் தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் குறைவதில்லை. கேபினில் சிவப்புக் குறிப்பு ஒன்றோடு நிற்கிறது. முதலாளி என் கடிதத்தைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதையே அனுமதி என்று மேஸ்திரி எடுத்துக்கொண்டார். வேட்பாளர் இன்னும் கூட்டங்களில் அமைதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். என் ஓட்டைப் பற்றி இங்கே எழுதுவது முறையல்ல.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வீட்டு உரலில் நான் இடிக்கிறேன். இருபது நிமிடத்துக்கு மேல் என்னால் முடிவதில்லை. இருபத்தோராவது நிமிடம் அவர் எழுந்துவிடுகிறார்.