மெர்க்குரி விளக்குப் பெட்டி

அறுபதுகளின் தொடக்கத்தில் பாலக்கரையில் ஒரு கட்டட காண்டிராக்டரிடம் வரைபடங்களை ப்ளூ பிரிண்ட் எடுக்கும் வேலையில் இருந்தேன். எனக்கு மேலே தலைமை டிராப்ட்ஸ்மேன். என்னைக் கண்டால் அவருக்கு ஆகாது. எனக்கு அவரைக் கண்டால் வயிறு எரியும்.

ப்ளூ பிரிண்டுக்கு வெயில் வேண்டும். மருந்து பூசிய தாளின்மேல் வரைபடத்தைப் பரப்பி, கண்ணாடிச் சட்டத்துக்குள் இறுக்கி, மொட்டைமாடியில் வைப்பேன். அப்புறம் தண்ணீரில் அலசினால் நீலத்தில் வெள்ளைக் கோடுகள் எழும். ஐப்பசி மழையில் எல்லாம் நின்றுபோனது.

"சூரியனையும் நானே வரைஞ்சு தரணுமாய்யா?" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார் டிராப்ட்ஸ்மேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த ஆத்திரத்தில்தான் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக் கூடத்தில், வெயில் இல்லாமலே பிரிண்ட் எடுக்க ஒரு விளக்குப் பெட்டி செய்தேன். தேயிலைப் பெட்டிப் பலகை, உள்ளே பளபளக்கும் தகரம், மேலே தூக்கித் திறக்கும் கண்ணாடி. பழைய சாமான் கடையில் வாங்கிய தெருவிளக்கு மெர்க்குரி பல்பின், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வெளிக்கூட்டை உடைத்து, உள்ளிருந்த சிறு குழாயைப் பொருத்தினேன். கடைக்காரர் முன்பே எச்சரித்திருந்தார்: "வெறும் கண்ணால பாத்துராதீங்க. கண்ணுல மண்ண அள்ளிப் போட்ட மாதிரி ஆயிடும்."

குதிரை வண்டியில் காவிரிப் பாலம் தாண்டிக் கொண்டுபோனேன். ஆபீஸில் விளக்கைப் போட்டதும் டிராப்ட்ஸ்மேன் வந்தார்.

"இது என்னய்யா, கோழிக்கூண்டா?" கண்ணாடியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டார்.

"பாக்காதீங்க சார்" என்றேன். சொன்னேன்தான். ஆனால் எனக்கே கேட்காத குரலில். கையெட்டும் தூரத்தில் இருந்த ஸ்விட்சை அணைக்கவில்லை. சாவகாசமாகப் பார்த்து முடித்தார்.

மறுநாள் அவர் வரவில்லை. இரண்டு கண்ணும் வீங்கி, திறக்க முடியாமல், மனைவி கைபிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதாகச் சொன்னார்கள். மத்தியானம் சாப்பாடு எனக்கு ருசியாக இருந்தது.

நாலு நாள் கழித்துக் கறுப்புக் கண்ணாடியோடு வந்து முதலாளி முன்னால் நின்றார். "இவன் வேணும்னே பண்ணான் சார்."

முதலாளி என்னைப் பார்த்தார்.

"பாக்காதீங்கன்னு சத்தமாச் சொன்னேன் சார். அவர் கேக்கல."

மழையிலும் தடையின்றி வந்த பிரிண்டுகள் மேஜைமேல் கிடந்தன. முதலாளி அவற்றைப் புரட்டிவிட்டு, "பெட்டி இருக்கட்டும், போய் வேலையப் பாருங்க" என்றார்.

டிராப்ட்ஸ்மேன் பார்வை சீக்கிரமே சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பிரிவுபசாரத்தன்று லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன்.