பூதக்கண்ணாடி பார்த்த காசு

என் சின்னம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது பெண், இளையது ஆண். அந்த இளையவனைத்தான் கடைத்தெருவில் பூதக்கண்ணாடி என்பார்கள். மாடிப்படிக்குக் கீழே, கடிகாரம் பழுது பார்ப்பவருக்கும் சாவி வெட்டுகிறவருக்கும் நடுவில் அவன் கடை. அவன் உட்கார்ந்தால் வந்தவர் நிற்கத்தான் வேண்டும். வியாபாரம் பழைய காசு. அதிலும் நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனக்காசு என்றால் எங்கிருந்தோ தேடி வருவார்கள்.

அந்தக் காசெல்லாம் மண் அச்சில் வார்த்தது. வார்த்ததைச் சதுரக் கம்பியில் கோத்து மொத்தமாக அரம் போடுவார்களாம். விளிம்பில் அந்தக் கோடு தெரியும். எழுத்து சற்று மழுங்கலாக இருக்கும். பச்சைக் களிம்பு உலோகத்தோடு ஊறிக் கிடக்கும். போலியில் அது வெறும் பூச்சு. நகப்பூச்சை அழிக்கிற மருந்தில் பஞ்சை நனைத்து ஒரு துடை துடைத்தால் பஞ்சோடு வந்துவிடும்.

"வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்புறவன் இவன்கிட்ட வரக்கூடாதுப்பா. அழுதுக்கிட்டுதான் போவான்" என்பார் கடிகாரக்காரர்.

இவனுடைய அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், கப்பலில் சமையல் வேலை பார்த்தார். வாயைத் திறந்தால் கதை. அக்காவுக்குத் தலைப்பிரசவம் ஆன சமயம் வருகிறேன் என்றவர் வரவில்லை. பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகுதான் வந்தார். காய்ச்சலில் கிடந்த என்னைச் சீனத் துறைமுகம் ஒன்றில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது, ஒரு கிழவர் வீட்டில் கிடந்து பிழைத்தேன், கிளம்பும்போது பாட்டன் காலத்துக் காசென்று இதைக் கொடுத்தார் என்று துணியில் சுற்றிய ஒன்றைக் காட்டினார். சொந்தக்காரர்கள் விடுவார்களா? "கிழவராம்! கிழவருக்குச் சேலை கட்டத் தெரியுமான்னு கேளு" என்றார்கள். அக்கா மட்டும் அவர் பக்கம் நின்றாள். அந்தக் காசு ஒன்றுதான் சாட்சி. தம்பியிடம் காட்டியிருக்கலாம். ஆனால் புருஷன் உயிரோடிருக்கும்போது காட்டினால் சந்தேகப்பட்டது போலாகுமே என்று சும்மா இருந்துவிட்டாள்.

அவர் காலமான பிறகு, அவருடைய சவரப் பெட்டியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"பாத்துச் சொல்லுடா தம்பி."

அவன் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தான். எழுத்து கத்தியால் செதுக்கியது போல நறுக்கென்று இருந்தது. களிம்பே இல்லை. ஓட்டையின் ஓரம் சுத்தம். அளவும் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது.

"இவ்வளவு அழகா இருந்தா அது பழசே இல்லக்கா. எங்கயோ சந்தையில பொம்மையோட பொம்மையா வாங்கியிருக்கார். அத்தான் உன் காதுல நல்லாத்தான் பூ சுத்தியிருக்கார்."

கடைக்காரன் வாய் அது. வருகிறவர்களிடம் பேசிப் பேசிப் பழகியது. எதிரே நிற்பது யார் என்று அந்த நேரம் அதற்குத் தெரியவில்லை. அக்கா காசைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கே சுவரிலிருந்த அவர் படத்தைக் கழற்றிவிட்டாள்.

பல வருஷம் கழித்து, காசு சேர்க்கிற மனிதர் ஒருவர் வந்தார். பஞ்சில் பொதிந்த ஒரு காசை மேசையில் வைத்தார். அதே நறுக்கான எழுத்து, அதே பெரிய அளவு. இவன் சிரித்தான். "போலி சார்."

"நல்லாப் பாருங்க. இது புழங்குன காசு இல்ல, மாதிரிக்காசு. கையால செதுக்கித் திருத்துவாங்க. இதை மண்ணுல அழுத்தி எடுத்த பள்ளத்துலதான் மத்ததையெல்லாம் வார்த்தாங்க. அதான் அதுல எழுத்து மழுங்கிடுது, அளவும் சுருங்கிடுது. இது கிடைக்கிறது அபூர்வம்."

இவன் வாழ்நாளெல்லாம் பார்த்தது குவியல் குவியலாகப் புழங்கிய காசு. அழகாக இருப்பதைச் சந்தேகப்படத்தான் அவன் கண் பழகியிருந்தது. உடனே கடையைச் சாத்திவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்லிவிட்டு, "அந்தக் காசு எங்கக்கா?" என்றான்.

"ஒடைஞ்ச பித்தளைக் குழாயோட சேத்து அப்பவே எடைக்குப் போட்டுட்டேன்." கை நின்றுவிட்டது. "அப்ப அவர் சொன்னது நிஜந்தானாடா?"

"இருந்திருக்கலாம்க்கா. காசைப் பாக்காம எப்படிச் சொல்றது?"

"போலின்னு சொல்ல அரை நிமிஷம் ஆகல உனக்கு. நிஜம்னு சொல்ல மட்டும் காசு வேணுமா?"

பீரோவுக்குப் பின்னாலிருந்து படத்தை எடுத்து, ஒட்டடை தட்டி, அவளே மாட்டினாள். ஆணி அடிக்க வந்தவனை, "நீ உக்காரு" என்றாள்.

அதற்காக அவள் சண்டை போடவில்லை. வந்தால் சோறு போடுவாள், உடம்பு எப்படி என்று கேட்பாள். ஆனால் பேத்திக்கு வளையல் எடுக்கப் போனபோது பக்கத்து வீட்டுக்காரியைத்தான் துணைக்குக் கூப்பிட்டாள். அதற்கு முன்பெல்லாம் குண்டுமணி அளவு நகை வாங்கினாலும் தம்பி பார்த்துச் சொல்ல வேண்டும். இதை என்னிடம் சொல்லும்போது அவன் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"திட்டியிருந்தா ஆறியிருக்கும். இப்ப எதையுமே என்கிட்ட காட்ட மாட்டேங்குறா."