பினாங்குக் கப்பலில் கொடைக்கானல் பிள்ளைகள்

பெற்றவர்கள் கையசைத்து அனுப்பிவிட்ட பிள்ளைகளைத் தொலைக்காமல், நோய் பிடிக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஒரு உத்தியோகம்தான், அதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று சொன்னால் வெளியே யாரும் நம்புவதில்லை. விடுதி ஆயாக்களும் காப்பாளர்களுமான நீங்கள் நம்புவீர்கள். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் பழனிக்காரி. ஐம்பதுகளின் நடுவில் கொடைக்கானலில் ஒரு பெண்கள் பள்ளி விடுதியில் நர்ஸாகச் சேர்ந்தேன். மலாயாவில் ஜவுளிக்கடை, ரப்பர் தோட்டம், ரயில்வே என்று இருந்த தமிழ்க் குடும்பங்கள் தங்கள் பெண்களை அங்கே படிக்க அனுப்பின. வருடம் பிறந்ததும் பினாங்கில் கப்பலேறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலில் கொடைரோடு வந்து, பஸ்ஸில் மலையேறுவார்கள். அவர்களை அழைத்து வருவதும், பள்ளி மூடியதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் என் பொறுப்பாயிற்று. எங்கள் ஊர் வையாபுரிக் குளத்தைவிடப் பெரிய தண்ணீரை அதுவரை நான் பார்த்ததில்லை.

கரை மறையும்வரை

பெரிய பெண்கள் கப்பலில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். பினாங்கு மலை கண்ணுக்குத் தெரிகிறவரை எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம். மலை மறைந்தபிறகு அழுதால், கொடைக்கானல் போய்ச் சேரும்வரை அவள் பெயர் ‘குழாய்’. இதை யார் ஆரம்பித்தது என்று ஒருத்திக்கும் தெரியாது. ஆனால் புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணையும் கம்பியோரம் கொண்டுபோய் நிறுத்தி, “ம், இப்ப அழு” என்பார்கள்.

நான் முதல்முறை போன வருடம் பவானி என்று எட்டு வயதுப் பெண் வந்தாள். ஈப்போவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் ஒரே மகள். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததால் அப்பா மட்டும் வந்து ஏற்றிவிட்டார். மற்றவர்கள் கதறிக்கொண்டிருக்க, அவள் பிஸ்கட்டைக் கடித்தபடி அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றாள். மறுநாள் மத்தியானம், சுற்றிலும் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லாத நேரத்தில், சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழ ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. பெண்களுக்கெல்லாம் தலைவியாக இருந்த கமலம் வந்து, “அழறதுக்குத்தானே நேத்து டைம் குடுத்தோம், அப்பவே அழுதிருக்கலாம்ல?” என்று அதட்டினாள். பவானி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: “நேத்து அழுதா அப்பா பாத்துருவாங்க. அப்புறம் அவங்க தனியா வீட்டுக்குப் போகணும்ல?”

நர்ஸ் படுத்த படுக்கை

நடுக்கடலில் காற்று கிளம்பியது. பிள்ளைகளில் பாதிப்பேர் சுருண்டார்கள். அவர்களுக்கு மருந்து கொடுக்க எழுந்த நான், கதவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்தவள்தான். அதற்கப்புறம் எனக்கு வாளி பிடித்தது கமலம், நெற்றியில் ஈரத்துணி போட்டது பவானி. செத்துவிடுவேன் என்று பயந்தேன். கொஞ்ச நேரத்தில், சாகமாட்டேனோ என்று பயந்தேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் காதர் பாய் நாகூர்க்காரர். எலுமிச்சம்பழத்தைக் கீறி உப்புத் தடவிக் கொண்டுவந்து வாசலில் நின்றார். “இந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பா பாய்?” என்று முனகினேன். அவர் அவசரமே இல்லாமல் சொன்னார்: “அவங்க உங்களைப் பார்த்துக்குவாங்க நர்ஸம்மா. போன வருசம் வந்த நர்ஸம்மா, கப்பலை ஓரமா நிப்பாட்டச் சொல்லி கேப்டன்கிட்டயே போய் அழுதாங்க.”

பெருமாள்மலையில் பஸ் நின்றபோது

நாகப்பட்டினம் நெருங்கிய அன்று கப்பல் அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். கம்பியில்லாத் தந்தியில் செய்தி வந்திருந்தது. பவானியின் அம்மா இறந்துவிட்டாள். கொடைக்கானல் போய்ச் சேரும்வரை பிள்ளையிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

கப்பல் கரைக்கு வராமல் தள்ளியே நின்றது; படகில் இறங்கும்போது அவளை நான்தான் தூக்கிக்கொண்டேன். ரயிலில் ஜன்னலோரம் கொடுத்தேன். கொடைரோட்டில் பஸ் ஏறி வத்தலக்குண்டு தாண்டியதும், கடலில் தப்பித்த பிள்ளைகளெல்லாம் மலை வளைவில் வாந்தி எடுத்தார்கள். “கப்பல்ல மிச்சம் வச்சதை எல்லாம் நம்ம ரோட்டுக்குக் கொண்டாந்துட்டாகளா?” என்றார் டிரைவர். எல்லாரும் சிரித்தோம். பவானி மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெருமாள்மலையில் டீ குடிக்க பஸ் நின்றது. குளிர் உறைத்தது. ஸ்வெட்டரை அவள் தலைவழியாக மாட்டி, “கையை நீட்டு கண்ணு” என்றேன். அவள் கையை நீட்டவில்லை. ஸ்வெட்டர் கழுத்தில் தொங்க, சத்தமில்லாமல் கேட்டாள்: “நாகப்பட்டினத்துல இருந்து என்னை மட்டும் ‘கண்ணு’ங்கிறீங்க நர்ஸக்கா. எங்கம்மா செத்துட்டாங்களா?”

தளத்துப் பயணி

இரண்டு வருடம் கழித்து இன்னொரு பயணம். கீழே திறந்த தளத்தில், தோட்ட வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் கூலி ஜனங்கள் பாய் விரித்துக் கிடப்பார்கள். அதில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கிழவருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கப்பல் டாக்டர் பார்த்துவிட்டு என்னிடம் உதட்டைப் பிதுக்கினார். நான் போய் வாயில் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்: “கரை தெரியுதா?”

நாகப்பட்டினத்துக்கு இன்னும் ஒருநாள் கடல் இருக்கும்போது விடிகாலையில் போய்விட்டார். உடலைக் கரைவரை வைத்திருக்க முடியாது என்றார்கள். கித்தான் துணியில் சுற்றி, காலில் இரும்பு கட்டினார்கள். கமலம் அப்போது கடைசி வகுப்பு. யாரும் சொல்லாமலே பெண்களையெல்லாம் யூனிபாரம் போடவைத்து வரிசையாகக் கூட்டிவந்து நிறுத்தினாள். ஏதாவது பாடலாமே என்றார்கள் தளத்து ஜனங்கள். எல்லாருக்கும் சேர்ந்து தெரிந்தது பள்ளியில் சாயங்காலம் பாடும் இங்கிலீஷ் ஜெபம் ஒன்றுதான், அதைப் பாடினார்கள். நெற்றி நிறையத் திருநீறோடு கிழவர் தண்ணீரில் இறங்கினார்.

அவரோடு ஒரே தோட்டத்தில் வேலை பார்த்த கூட்டாளி பக்கத்தில் நின்றார். எல்லாம் முடிந்தபிறகு என்னிடம் சொன்னார்: “கடைசியில கரை தெரியுதுன்னு சொல்லிட்டேன் தாயி. தென்னமரம் தெரியுதாலேன்னு கேட்டான். தெரியுதுடான்னேன்.”

மணி அடிக்காத வீடு

பவானியின் அப்பா மறுமணம் செய்துகொண்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு வருட முடிவிலும் அவர் கடிதத்தில் ஏதாவது ஒரு காரணம் வரும். இந்தத் தடவை குழந்தை பிறந்திருக்கிறது, இந்தத் தடவை வீடு மாறுகிறோம், பிள்ளை அங்கேயே இருக்கட்டும். மற்றவர்களைப் பினாங்கில் விட்டுவிட்டு அடுத்த கப்பலில் நான் திரும்பினால், உறைபனி விழுந்த மார்கழியில், காலியான விடுதியில், வரிசையாகக் கிடக்கும் கட்டில்களுக்கு நடுவில் அவள் ஒருத்தி மட்டும் இருப்பாள். சமையல்காரம்மாவும் அவளும் பேசிப் பேசி, பேச்சே தீர்ந்து போயிருக்கும்.

ஒரு வருடம் பொறுக்கமாட்டாமல் அனுமதி வாங்கிப் பழனிக்குக் கூட்டிப்போனேன். என் அண்ணனுக்கு அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. அண்ணி இட்லியை வைத்து, “வெரசா சாப்பிடு தாயி, கோயிலுக்குப் போகணும்” என்றாள். பவானி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிடிக்கவில்லையா என்று கேட்டதற்கு, “இன்னும் மணி அடிக்கலையே அத்தை” என்றாள். அண்ணி என்னைப் பார்த்தாள். எழுந்துபோய்ப் பித்தளைச் சட்டியைக் கரண்டியால் தட்டினாள். பிள்ளை உடனே சாப்பிட ஆரம்பித்தது.

நாங்கள் கிளம்பும் நாளன்று, பவானி அந்தப் பக்கம் போனதும், அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “வந்த நாளா சோலியைப் போட்டுட்டு வேளாவேளைக்குச் சட்டியைத் தட்டுறேன். இதைப் பெத்தவன் மட்டும் என் கையில கெடச்சான்னு வையி, நான் தட்டுறது சட்டியா இருக்காது.”

துறைமுகத்தில்

படிப்பு முடிந்து பவானி நிரந்தரமாக ஊர் திரும்பிய வருடம் அவளுக்குப் பதினாறு வயது. என்னைவிட உயரம். தாவணி போட்டு, பின்னலை முன்னால் விட்டுக்கொண்டு வந்தாள். அத்தனை வருடத்தில் அப்பா ஒருமுறைகூடக் கொடைக்கானல் வந்ததில்லை. திரும்பும் பயணத்தில் பெண்கள் பாட்டும் கூத்துமாக இருக்க, இவள் மட்டும் கம்பியோரம் நின்று, “அப்பாவுக்கு என்ன பேசுனா பிடிக்கும் நர்ஸக்கா?” என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு எப்படித் தெரியும்? ஏதோ சொல்லி வைத்தேன்.

பினாங்கில் இறங்கியதும் கூட்டத்தில் அவரை அவள்தான் முதலில் பார்த்தாள். தலை நரைத்து, பக்கத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு நின்றார். நான் கையைத் தூக்கப் போனேன். பவானி என் கையைப் பிடித்து இறக்கினாள். “கூப்பிடாதீங்க. அவங்களே வரட்டும்.”

அவர் எங்கள் பெண்கள் ஒவ்வொருத்தியையும் உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார். பவானியையும் பார்த்தார். அவள் சிரித்தாள். முன்பின் தெரியாத பெண் சிரித்தால் பெரிய மனிதர்கள் செய்வதுபோலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, ஒதுங்கி, அவளைக் கடந்து என்னிடம் வந்தார். “நர்ஸம்மா, எல்லாரும் எறங்கிட்டாங்க போல இருக்கே. எங்க பவானியைக் காணோமே?” பவானி என் கையை விட்டுவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள். சொன்னாள்: “எறங்கிட்டேன்ப்பா. இப்ப ஒரு பொண்ணைப் பார்த்து ஒதுங்கிப் போனீங்களே, அது நான்தான்.”

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் பள்ளியில் கேட்பார்கள், எல்லாப் பிள்ளைகளையும் சேதமில்லாமல் ஒப்படைத்தாயிற்றா என்று. கைகால் எல்லாம் சரியாகத்தான் இருந்ததால், ஆயிற்று என்றே நானும் சொல்லிவந்தேன்.