லைட்டா ஒரு பிரச்சனை

என் வீட்டுக்காரருக்கு 'லைட்டா' என்ற சொல்லை யார் பழக்கிவிட்டார்களோ, அந்த மகராசனை நான் ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும். பார்த்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன்.

அறந்தாங்கியில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். லைட் என்றால் விளக்கு, வெளிச்சம், கனமில்லாதது, வெளிர் நிறம் என்று போர்டில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளைச் சொல்ல வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் அந்தச் சொல் வேறு வேலை பார்க்கிறது. டீக்கடையில் லைட் என்றால் டிகாக்‌ஷன் குறைவு. ஜவுளிக்கடையில் "லைட் கலரா காட்டுங்க" என்றால் கண்ணைப் பறிக்கிற ரோஸை எடுத்து விரித்துவிட்டு "இது லைட்டுதாங்க" என்று சாதிப்பார்கள். டாக்டர் "ராத்திரிக்கு லைட்டா சாப்பிடுங்க" என்பார், நாம் ஆறு இட்லியோடு நிறுத்திக்கொள்வோம். யாராவது நம் மனசைப் புண்படுத்தினால் "லைட்டா எடுத்துக்க" என்பார்கள், புண்படுத்தியவர்களே.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. வெளிநாட்டுக்காரர் வீடுகளில், அதாவது ஆம்பளை அங்கே போய்ச் சம்பாதிக்கிற வீடுகளில், புழங்குகிற லைட்டாதான் வயிற்றில் புளியைக் கரைப்பது. போனில் "லைட்டா காய்ச்சல்" என்று என் வீட்டுக்காரர் சொன்னால் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார், டிரிப் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். "வண்டி லைட்டா உரசிருச்சு" என்றார் ஒரு தடவை. ஊருக்கு வந்தபோது பார்த்தால் முழங்கைக்குள் கம்பி. நானும் உத்தமி இல்லை. மகனுக்கு டெங்கு வந்து நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தபோது "லைட்டா சளி, வேற ஒண்ணுமில்லைங்க" என்றுதான் அவரிடம் சொன்னேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, தவிப்பதைத் தவிர? அதனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல் வந்தாலே அதை நான் பத்தால் பெருக்கிப் பார்ப்பேன்.

எதிர்வீட்டு அக்காவுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அவருடைய வீட்டுக்காரரையும் என் வீட்டுக்காரர்தான் விசா எடுத்து அங்கே கூட்டிப்போனார். ஒரே கம்பெனி, ஒரே அறை, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இங்கே ஒரே தெருவில் எதிரெதிர் வாசல். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுவதைப் பார்த்து அக்கா, "ஒனக்கு டீச்சர் வேலை குடுத்தவுக புத்தியக் குடுக்க மறந்துட்டாகளே ஆத்தா" என்று கேலி செய்வார். கேலி செய்துவிட்டு, ஒரு கிண்ணம் மீன் குழம்பையும் கொடுத்துவிட்டுப் போவார்.

அன்று வெள்ளிக்கிழமை, அங்கே லீவு நாள். பரீட்சை முடிந்து எனக்கும் லீவு. மகன் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தான். வெள்ளிக்கிழமையானால் என் வீட்டுக்காரர் வீடியோவில்தான் வருவார், மூஞ்சியைக் காட்டாமல் பேசமாட்டார். அன்று காலையில் வெறும் குரல் மட்டும் வந்தது. பின்னால் யாரோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க லைட்டா ஒரு பிரச்சனை. அப்புறம் பேசுறேன், நீ போன் பண்ணாத."

நான் "என்னங்க" என்பதற்குள் துண்டித்துவிட்டார். திரும்பப் போட்டால் எடுக்கவில்லை. அடுத்த தடவை சுவிட்ச் ஆஃப். வாட்ஸாப்பில் ஒற்றை டிக் விழுந்து அப்படியே நின்றது.

பத்தால் பெருக்கினேன். அவருக்குச் சர்க்கரை உண்டு. போன மாதமே இடது தோளில் பிடித்துக்கொண்டது என்றார், அதுவும் லைட்டாகத்தான். தெருவைத் தாண்டி ஓடினேன். அக்கா துணி அலசிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அண்ணன் பேசுனாகளா?"

"வெள்ளிக்கிழமை அந்த மனுசன் மத்தியானத்துக்கு முன்னாடி எந்திரிப்பாரா? ஏன், என்னவாம்?"

விஷயத்தைச் சொன்னேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தன் போனிலிருந்து போட்டுப் பார்த்தார். "ரிங் போகுது, எடுக்கல. தூங்குறாரு. போயி ஒரு வாய் காப்பித்தண்ணி குடி, மூஞ்சியப் பாரு, பேயறஞ்ச மாதிரி."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் வீட்டுக்காரரை அண்ணன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார், அதனால்தான் போனை எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதை அக்காவிடம் சொல்லவில்லை. கேலி செய்துவிடுவாரே என்று பயம்.

வீட்டுக்கு வந்து கொழுந்தனாருக்குப் போன் போட்டேன். அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறார். எடுத்ததும், "ஒண்ணுமில்லைங்க மதினி, அண்ணன் நல்லாத்தான் இருக்காரு" என்றார். நான் இன்னும் எதையும் கேட்கவே இல்லை. பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்காத மனுஷன் அவர். "வீட்டுலயே இருங்க, எங்கிட்டும் போயிறாதீங்க, நான் வாரேன்" என்று வைத்துவிட்டார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். வெளிநாட்டிலிருந்து துக்கச் சேதி வந்தால் முதலில் ஆண்களுக்குத்தான் வரும். அவர்கள் ஒரு கடை வாசலில் கூடுவார்கள். யார் போய்ச் சொல்வது என்று பேசுவார்கள். பந்தலுக்கு, சேருக்கு, லைட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டு, தாங்கிப்பிடிக்க நாலு பெண்களையும் திரட்டிக்கொண்டுதான் அந்த வீட்டுக்குள் நுழைவார்கள். ஊர் முழுக்கத் தெரிந்தபிறகு கடைசியாகத் தெரிந்துகொள்பவள் பெண்டாட்டிதான். உடல் விமானத்தில் வர எத்தனை நாளானாலும், சேதி வந்த அன்றைக்கே வாசலில் லைட் கட்டிவிடுவார்கள்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றேன். உள்ளே போய் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தோன்றியது.

ஒரு குட்டியானை லோடு வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியது. பின்னால் டியூப் லைட்டுகள், கம்புகள், ஒயர் சுருள். மைக் குழாய் இல்லை. கலர் பல்பு கோத்த சீரியல் செட் இல்லை. காதுகுத்தோ கல்யாணமோ என்றால் சீரியல் செட் இல்லாமல் வரமாட்டார்கள். வெறும் வெள்ளை டியூப் லைட் மட்டும் வந்தால் அது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். வண்டி மெதுவாக வந்து என் வீட்டு வேப்பமர நிழலில் நின்றது.

லைட்டும் மைக்கும் வாடகைக்கு விடுகிற ரேடியோ செட்டுக்காரர் இறங்கிக் கம்புகளை என் சுவரில் சாத்தினார்.

"யார் வீட்டுக்குங்க?" என்றேன். இன்னொரு தடவை கேட்டேன்.

"வெளிநாட்டுக்காரர் வீடுன்னாங்க. இந்தத் தெருதான். அதுக்குள்ள ஆளுங்க வந்துருவாங்க, நீ லைட்டக் கொண்டு போயிரு அப்படின்னாங்க…" சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். ஆட்கள் வருவதற்கு முன்பே தான் வந்து நிற்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். குனிந்து ஒயரைச் சிக்கெடுக்க ஆரம்பித்தார். அதில் சிக்கு ஒன்றும் இல்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மகனை யார் போய்க் கூட்டிவருவது, அவனிடம் என்ன சொல்வது என்று ஓடியது மனசு. அப்போது கையிலிருந்த போன் அடித்தது. அவர் பெயர். எடுத்தால் அவர் குரலே.

"நான் நல்லாருக்கேன். எனக்கு ஒண்ணுமில்ல. காலையில எழுப்புனேன், அண்ணன் எந்திரிக்கவே இல்ல. தூக்கத்துலயே…" அவர் அழுதார். "போலீஸ் வந்து எல்லார் போனையும் வாங்கி வச்சுக்கிட்டு இப்பத்தான் குடுத்தாங்க. நீ அக்காகிட்ட எதும் சொல்லிறாத. தம்பியும் மத்தவங்களும் வந்துக்கிட்டு இருக்காங்க."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். உயிரோடு இருக்கிறார், உயிரோடு இருக்கிறார் என்று உடம்பு முழுக்க ஓடியது. அதற்குப் பிறகுதான் அண்ணன் என்றால் அக்காவின் வீட்டுக்காரர் என்பது புரிந்தது. கேட்டிலேயே சாய்ந்துகொண்டு கதறிவிட்டேன்.

சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்தார். என் சுவரில் சாத்தியிருந்த டியூப் லைட்டுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். செருப்புக்கூடப் போடாமல் வெயிலில் தெருவைத் தாண்டி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஐயோ ஆத்தா, காலையில வந்து சொன்னியே, நான் கேலி பண்ணிட்டேனே… அழு, அழுதுரு. நான் இருக்கேன். ஒன்னைய விட்டுட்டு எங்கிட்டும் போகமாட்டேன்."

அவர் தோளில் என் முகம் புதைந்திருந்தது. சோப்பு வாசனை. இல்லை அக்கா, எனக்கில்லை என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். நான் பேசாமல் இருக்க இருக்க அவர் என்னை இன்னும் இறுக்கிப் பிடித்தார். தெருமுனையில் கொழுந்தனாரின் வண்டியும் அதற்குப் பின்னால் ஒரு ஆட்டோவும் திரும்புவது அவர் தோளுக்கு மேலாகத் தெரிந்தது.

அக்கா அதைப் பார்க்கவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டே ரேடியோ செட்டுக்காரரிடம் சொன்னார்:

"அண்ணே, இந்தப் புள்ளையக் கரண்டுக்கெல்லாம் தொந்தரவு பண்ணாதீங்க. என் வீட்டுலேருந்து லைன் எடுத்துக்கங்க, கதவு தெறந்துதான் கெடக்கு."

ரேடியோ செட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு ஒயரை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்.